ஓடுகிறவனின் உயிர்

1974ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஓர் இரவில், அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், ஒரு வீட்டிற்குள் யாரோ புகுந்திருப்பதாகக் கேள்வியுற்று வந்த போலீஸ் அதிகாரி ஒருவர், கொல்லைப்புறத்து வேலியருகே பதுங்கியிருந்தவனுடைய முகத்தையும் கைகளையும் கைவிளக்கின் வெளிச்சத்தில் கண்டு, அவனிடம் ஆயுதம் ஏதுமில்லை என்று ஏறக்குறைய நிச்சயித்துக்கொண்ட பின்னரும், அவன் வேலியேறித் தப்ப முயன்றபோது சுட்டார். குண்டு தலையின் பின்புறத்தில் பாய்ந்தது. இறந்தவனுக்கு வயது 15. அவன் எடுத்திருந்தது 10 டாலரும் ஒரு கைப்பையும். அந்த அதிகாரி சட்டத்தை மீறவில்லை என்பதே இதில் நம்மை மிகவும் வருத்த வேண்டிய செய்தி. ஓடுகிறவனைப் பிடிக்க அவசியமான எவ்வழியையும் கையாளலாம் என்று டென்னஸி மாநிலத்தின் சட்டமே அவருக்கு அனுமதி தந்திருந்தது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் கொடுங்குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு மரணமே தண்டனையாக இருந்தபடியால், ஓடுகிறவனை வழியிலேயே கொல்வது, தூக்குமரத்தில் நிகழப்போவதைச் சற்று முன்னதாக நிகழ்த்துவதேயன்றி வேறல்ல என்று அக்காலத்தார் கருதினர். தூக்குமரங்கள் குறைந்த பின்னும் அவ்வனுமதி மட்டும் நிலைத்திருந்தது. 1985இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓடுகிறவனால் அதிகாரிக்கோ பிறருக்கோ பிராணாபத்தோ கடுங்காயமோ நேரும் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தாலன்றி அவனைச் சுட்டுக் கொல்லலாகாது என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் அடியில் உள்ள தர்மம் ஆழமானது. உயிரைக் காத்தல் வேறு, குற்றத்தைத் தண்டித்தல் வேறு. முன்னதற்கு எதிரே நிற்கும் அபாயம் ஒன்றே காரணமாகலாம், பின்னதற்கோ விசாரணையும் தீர்ப்பும் வேண்டும். போலீஸாரிடம் நாம் ஒப்படைத்திருப்பது முன்னதை மட்டுமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்பிரச்சினையை ஆராய்ந்த தாமஸ் அக்குவினாஸ், தன்னைக் காத்துக்கொள்ளும் சாதாரண மனிதன் எதிரியின் மரணத்தைச் சங்கல்பித்தல் ஆகாது என்று விதித்துவிட்டு, கள்வரோடு போராடும் நீதிபதியின் ஏவலருக்குப் பொதுநன்மையை முன்னிட்டு விலக்கு அளித்தார். அவ்விலக்கு அளவுக்கு மீறியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும், சொந்தத் துவேஷத்தால் தூண்டப்பட்டால் அந்த ஏவலரும் பாவிகளே என்று அவர் உடன் சேர்த்த நிபந்தனை, இன்று ஒவ்வொரு காவல் நிலையத்திலும் நினைக்கப்பட வேண்டியது.

நம் நாட்டிலோ பழைய விதியின் நிழல் முற்றிலும் அகலவில்லை. கைது செய்யும்போது, மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் மரணத்தை விளைவிக்க உரிமை இல்லை என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறியது. 2023இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அதையே கூறுகிறது. அப்படியானால் அக்குற்றம் சாட்டப்பட்டவரின் உயிர் அந்த அளவுக்குக் காவலற்று நிற்கிறது. சாட்டப்படுவது மெய்ப்பிக்கப்படுவது ஆகாது என்பதை, பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த நமக்கு ஒருவர் போதிக்க வேண்டியதில்லை. இருந்தும், 2019 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு அருகே, ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட மகா கொடுமைக்காகப் பிடிபட்ட நால்வர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஜனங்கள் போலீஸார் மீது மலர் தூவினர். மரணத்தை விளைவிக்கும் எண்ணத்துடனேயே சுட்டனர் என்று உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையம் பின்னர் கண்டது. மலர் தூவியவர்களின் துயரத்தையும் கோபத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்நால்வரும் குற்றவாளிகளா என்பதை எந்த நீதிமன்றமும் இனி விசாரித்து அறிய முடியாமற்போயிற்று.

கத்தியோடு பாய்கிறவன் முன், யோசிக்க ஒரு கணமும் கிடைக்காத காவலர், வேறு வழியின்றித் தம் உயிரையோ பிறர் உயிரையோ காக்கச் சுடுவாராயின், அவரை நான் குறைகூறேன். பின்னால் நிதானமாக அமர்ந்து ஆராய்கிறவர்களின் அவகாசம் அவருக்கு இருந்ததில்லை. அந்த நியாயம் குற்றத்தின் பெயரைப் பொறுத்ததன்று: கொலையாளி என்று தேடப்படுகிறவன் கைகளை உயர்த்தி நிற்கும்போது அது இல்லை, ஒரு குற்றமும் அறியாத பித்தன் குழந்தையின் கழுத்தில் கத்தியை வைத்திருக்கும்போது அது இருக்கிறது. ஆகவே, சாட்டப்பட்ட குற்றத்தின் கனத்தை வைத்து உயிருக்கு அளவுகோல் வகுக்கும் வாசகத்தை நீக்கி, நேரில் நிற்கும் அபாயத்தையே ஒரே அளவாக வைக்குமாறு நம் பார்லிமெண்டு அப்பிரிவைத் திருத்துதல் வேண்டும்.