பெற்றோருக்காகத் தங்கிய மருத்துவர்



1997 செப்டெம்பர் 2இல் வியன்னாவில் மறைந்த உளமருத்துவர் விக்டர் பிராங்கிளை நினைவுகூருவோம்.

யூதரான அவருக்கு 1941இல் அமெரிக்கா செல்ல விசா கிடைத்தது. சென்றால் உயிர் தப்பலாம். முதிய பெற்றோரோ தனித்துவிடுவர். விண்ணகத்திலிருந்து ஓர் அடையாளம் வேண்டி வீடு திரும்பியவர், மேசையில் ஒரு பளிங்குத் துண்டைக் கண்டார். நாசிகள் அழித்த செபக்கூடத்தில் தந்தை எடுத்துவந்த அத்துண்டு, தாய் தந்தையரைக் கனம்பண்ணும் கட்டளைக்குரியது. மகன் தங்கிவிட்டார்.

1942இல் அவர்கள் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே சாகும் தறுவாயிலிருந்த தந்தையின் வேதனையை மகனே மருந்தேற்றித் தணித்தார். தாயார் அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார். 1945இல் உயிரோடு மீண்டவர், வாழ்வு நம்மிடம் கேட்பது எதுவெனத் தேடும்படி துயருற்றோருக்குக் கற்பித்தார்.

அன்பர்களே, நம் வீட்டு முதியோர் இன்று நம்மிடம் கேட்பது என்ன? அவர்கள் உயிரோடிருக்கையிலேயே விடையளிப்போமாக.