சாணையும் சான்றாண்மையும்

கருவிகளுள் சில, பிற கருவிகளுக்காகவே தோன்றியவை. உளி மரத்தைச் செதுக்குகிறது. துளையூசி இரும்பைத் துளைக்கிறது. பால்வெட்டும் கத்தி ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுகிறது. இவை யாவும் நாளடைவில் மழுங்குவன. மழுங்கியவை மீண்டும் கூர்மை பெற வந்து சேரும் இடம் சாணை ஒன்றே. பண்டு இயற்கைக் கல்லைக் கையாலும் காலாலும் சுழற்றினர். 1891ஆம் ஆண்டில் எட்வர்ட் அச்சேசன் என்னும் அமெரிக்கர் கார்போரண்டம் எனும் செயற்கைத் தேய்ப்புப் பொருளை உருவாக்கிய பின்னர், சாணைக்கல் ஆலையில் பிறக்கும் பொருளாயிற்று. மின்விசை பரவியதும், ஒரே அச்சின் இரு முனைகளிலும் இரு கற்களைச் சுழற்றும் பொறியாக அது மேசைமேல் ஏறி அமர்ந்தது. பட்டறைகளில் 'கிரைண்டர்' என்று வழங்கப்படுவது அதுவே.

வீட்டின் பின்கட்டில் சிறு பட்டறை அமைத்துக்கொள்வோர் இன்று புதிய கிரைண்டரை விடப் பழையதையே தேடி வாங்குவதைக் காணலாம். இது வெறும் பழமைப் பித்தன்று. பழைய பொறிகள் பலவற்றின் உடல் கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. அந்தக் கனம் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். அதிர்வு குறைந்த கல்லில்தான் உளியின் முனை ஒழுங்காக அமையும். பிரிட்டிஷ் நாட்டுப் பொறிகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்திற்கே அவை செய்யப்பட்டவை. அமெரிக்கப் பொறியோ 60 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த வோல்ட்டுக்கும் பிறந்தது. இங்கு அதனை அப்படியே இணைத்துவிட முடியாது.

இத்தகைய பொறிகள் கைமாறும் இடங்கள் பல. சிங்கப்பூரில் 'திருடர் சந்தை' என்று பெயர் பெற்றிருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 10-7-2017இல் மூடப்படும் வரையில், துருப்பிடித்த கருவிகளுக்கு அது ஒரு புகலிடமாக இருந்தது. பினாங்கில் லோரோங் கூலிட் சந்தை உண்டு. வீடு வீடாகச் சென்று பழையன வாங்கும் காராங்குனிக்காரர் உண்டு. இவற்றிற்கும் மேலாக, ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் வீடுகள் உண்டு. செந்தூல் ரயில்வே பட்டறையிலும், 1968இல் சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்ட செம்பவாங் கடற்படைக் கப்பல் பட்டறையிலும் தமிழர் பலர் இரும்போடு உழைத்து வாழ்ந்தனர். அத்தகையோர் சேர்த்து வைத்த கருவிகள், அவர்கள் மறைந்த பின்னர் பிள்ளைகளுக்குச் சுமையாகி, விலைக்கு வருகின்றன.

ஈண்டுதான் ஓர் அறக்கேள்வி எழுகின்றது. பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக் கைமாற்றும் பாதையில், அறிந்தவன் ஒருவன் அறியாதவர் ஒருவருக்கு எதிரே மீண்டும் மீண்டும் நிற்க நேர்கிறது. அப்போது அவன் வாய் திறவாதிருப்பது பொய்யாகுமா? பொய் சொல்லலாகாது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. உண்மையைச் சொல்லாதிருக்கலாமா என்பதே கேள்வி.

முதற்காட்சியை எண்ணிப் பார்க்கலாம். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார். கொட்டகையின் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கிரைண்டர் ஒன்று கிடக்கிறது. "முப்பது வெள்ளி கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி, இடம் ஒழிஞ்சா போதும்" என்கிறார். வந்தவரோ அதன் பெயர்த்தகட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தரத்தை அறிந்துகொள்கிறார். அழுக்கோடு அழுக்காக விற்றாலும் அதற்கு முந்நூறு வெள்ளி கொடுப்பார் உளர் என்பதும் அவருக்குத் தெரியும். முப்பது வெள்ளியை நீட்டிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமா?

இக்கேள்வி புதியதன்று. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ, கடமைகளைப் பற்றிய தம் நூலில் இதை ஒத்த வழக்கொன்றை எடுத்து ஆராய்ந்தார். பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவிற்கு வணிகன் ஒருவன் அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டு வருகிறான். மேலும் பல தானியக் கப்பல்கள் பின்னால் வந்துகொண்டிருப்பதை அவன் வழியில் கண்டிருக்கிறான். அதனை மறைத்து உயர்ந்த விலைக்கு விற்கலாமா? சொல்லியே ஆகவேண்டும் என்றார் ஆன்டிபேட்டர். சட்டம் கேட்பதை மட்டும் சொன்னால் போதும், சொல்லாமை வேறு, மறைத்தல் வேறு என்றார் அவருடைய ஆசிரியராகிய டயோஜினிஸ். சிசரோ மாணவர் பக்கமே நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை வாங்குபவன் பக்கத்திலிருந்தும் நோக்கினார். தன் கையிலிருப்பது பொன் என்று அறியாமல் பித்தளை விலைக்கு ஒருவன் விற்கும்போது, பொன்னென்று அறிந்தே வாங்குபவன் அநீதி செய்தவனாகிறான். அவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது அவர் முடிவு.

இதற்கு மறுப்பும் உண்டு. அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பழம்பொருளை இனங்காணும் அறிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. பல ஆண்டுகள் சந்தை சந்தையாக அலைந்து, பலமுறை ஏமாந்து, பயனற்ற மோட்டாருக்குப் பணம் அழுது பெற்ற அறிவு அது. அந்த உழைப்பிற்குக் கூலி வேண்டாமா? மேலும், வாங்கும் பொறி ஓடுமா என்பது எவருக்கும் தெரியாது. உள்ளே சுருள் எரிந்திருந்தால் முப்பது வெள்ளியும் வீணே. இவ்வாறு வாதிடுவோர் கூறுவதில் உண்மை உண்டு.

ஆயினும் அந்த உண்மைக்கு ஓர் எல்லை உண்டு. செப்பனிடும் திறமைக்கு ஊதியம் கேட்பது நியாயம். அந்த ஊதியம் செப்பனிட்ட பின் பொறி பெறும் உயர்ந்த மதிப்பில் அடங்கியிருக்கிறது. தொடாத பொறிக்கே உரிய விலையோ அதன் உடைமையாளருக்குச் சேர வேண்டியது. பழம்பொருள் வணிகர் ஒருவரிடம் பேரம் பேசுகையில் மௌனம் குற்றமாகாது. விலையறிவதே அவர் தொழில், அறியாமையின் இழப்பை ஏற்றுக்கொண்டே அவர் கடை விரித்திருக்கிறார். மூதாட்டி கடை விரிக்கவில்லை. துக்கத்தின் நடுவில் வீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இருவரின் அறியாமையும் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் முந்நூறு வெள்ளியையும் கொடுத்தே ஆக வேண்டுமா? அவ்வளவு கடுமையை அறம் கேட்கவில்லை. "பாட்டி, இது நல்ல பொறி, தெரிந்தவர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள்" என்று பேரத்திற்கு முன்னரே சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு இடம் ஒழிந்தால் போதும் என்று அவரே முப்பதுக்குத் தந்தால், அது அறிந்து தந்த கொடை. நூறு கேட்டால், அது அறிந்து கேட்ட விலை. இவ்வொரு வாக்கியம் பல வேளைகளில் பணத்தை இழக்கச் செய்யும் என்பதை மறைப்பதற்கில்லை. இழப்பில்லாத இடத்தில் நேர்மைக்குச் சோதனையும் இல்லை.

இரண்டாவது காட்சி பட்டறையில் நிகழ்வது. பொறி பிரிக்கப்படுகிறது. தேய்ந்து இரையும் பேரிங்குகள் கழற்றப்பட்டுப் புதியன பூட்டப்படுகின்றன. துணி சுற்றிய பழைய மின்கம்பியின் ரப்பர் உறை தொட்டால் உதிர்கிறது, அதுவும் மாற்றப்படுகிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் ஆகையால், அதனைத் தூள் பறக்கத் தேய்க்காமல் நனைத்துச் சுரண்ட வேண்டியிருக்கிறது. கற்களும் புதியவை. இவ்வளவும் மாறிய பின் இது பழைய பொறிதானா? ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றிக் காத்ததையும், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். கிரைண்டர் இவ்வழக்கிற்கு ஓர் எளிய விடையைத் தருகிறது. சாணைக்கல் தேய்வதற்கென்றே படைக்கப்பட்டது. தேயாத கல் வேலை செய்யாத கல். பேரிங்கும் அவ்வாறே. மாறுவதற்கென்று அமைந்தவை மாறுவதால் பொறி தன் அடையாளத்தை இழப்பதில்லை. வார்ப்பிரும்பு உடலும், அச்சும், சுருளும் நிலைத்திருக்கும் வரை அது அதுவே.

ஆனால் அடையாளத்தை விடப் பெரிய கேள்வி, செப்பனிடுதலின் நோக்கம் எது என்பது. விரிசல் கண்ட காப்புமூடியை மாற்றுவதும் வேலை. அதன்மேல் பசை அப்பிப் பளபளக்கும் வண்ணம் பூசுவதும் வேலைதான். முன்னது பொறியைக் குணப்படுத்துகிறது. பின்னது பார்ப்பவரின் கண்ணைக் குருடாக்குகிறது. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். வேறுபாட்டை அறிந்தவர் உலகில் ஒருவரே. அவர் தூரிகையைப் பிடித்தவர்.

இங்கிருந்து மூன்றாவது காட்சி தொடங்குகிறது. செப்பனிட்ட பொறி ஒருநாள் மற்றொருவர் கைக்குப் போகிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி, மௌனத்தைப் பற்றிப் பேசுகிறது. வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்பது அதன் விதி. அதனை விளக்க ஒரு குதிரை காட்டப்படுகிறது. குறையுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், குறையைச் சொல்லவில்லை, அது மோசடியன்று. அதே குதிரையை வாங்குபவள் அண்மையில் வயது வந்த அவர் மகளானால், குறையைச் சொல்வது அவர் கடமையாகிவிடும். வாங்குபவர், "நீர் மறுக்காவிட்டால் குதிரை நலமென்றே கொள்வேன்" என்று சொல்லியிருந்தாலோ, விற்பவரின் மௌனமே பேச்சாகிவிடும்.

சட்டம் குதிரையைப் பற்றிப் பேசி நிறுத்திக்கொண்டது. கிரைண்டரோ குதிரையினும் கொடியது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல் நிமிடத்திற்கு 2,850 சுற்றுச் சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. கண்ணுக்குப் புலப்படாத விரிசல் ஒன்று அதில் இருப்பின், கல் வெடித்துச் சிதறி முன்னிற்பவரின் முகத்தில் பாயக்கூடும். மண்பிணைப்புக் கல்லைப் பூட்டுமுன் பட்டறைக்காரர் ஒரு சோதனை செய்வர். உலர்ந்த கல்லை விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுவர். நல்ல கல் மணிபோல் தெளிவாக ஒலிக்கும். விரிசல் கண்ட கல் மந்தமாக, அடைபட்ட குரலில் ஒலிக்கும். அக்கல்லை உடைத்தெறிய வேண்டும். புவிக்கம்பி இணைக்காத பொறி இன்னொரு மறைந்த அபாயம். காப்புமூடியைக் கழற்றிவிட்டு விற்பது மற்றொன்று.

வாங்க வருபவர் இவற்றை அறியார். புதிய வண்ணத்தைக் கண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்புகிறார். அவர் வாய்திறந்து கேட்கவில்லைதான். ஆனால் வண்ணம் பூசியவர் முன்னரே பேசிவிட்டார். பளபளப்பே அவர் கூற்று. "நீர் மறுக்காவிட்டால் நலமென்றே கொள்வேன்" என்று வாங்குபவரின் கண்கள் கேட்டு நிற்கின்றன. இந்நிலையில் வாய்மூடி இருத்தல் சட்டத்தின் பிடிக்குள் வராவிடினும், அறத்தின் பிடிக்குள் வந்தே தீரும்.

வாங்குவோர் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது பழைய வணிக நெறி. அது வாங்குவோர்க்குக் கூறிய அறிவுரை. விற்போர்க்கு அளித்த உரிமைச் சீட்டன்று. விழிப்பாக இருப்பவர்கூடச் சுருளுக்குள் புகுந்து பார்க்க இயலாது. பொறியைப் பிரித்துப் பூட்டியவர் மட்டுமே அதன் உள்ளத்தை அறிவார். எவர் ஒருவரால் மட்டும் சொல்ல முடியுமோ, அவர்மேல்தான் சொல்லும் கடமை சுமத்தப்படுகிறது.

சட்டம் மகளுக்கு ஒரு நீதி, அயலாருக்கு ஒரு நீதி என்று பிரித்தது. சந்தைப் பேரங்களையெல்லாம் நீதிமன்றம் கண்காணிக்க முடியாது ஆகையால், சட்டத்திற்கு அப்பிரிவினை தேவைப்பட்டது. மனச்சான்றுக்கு அந்தத் தேவை இல்லை. கல் வெடிக்கும்போது முன்னிற்பவள் யார் மகள் என்று கேட்டுப் பாய்வதில்லை. விற்ற இடத்திலேயே பொறி நின்றுவிடுவதும் இல்லை. வாங்கியவரின் மகன் ஒருநாள் பள்ளி விடுமுறையில் கத்தி தீட்ட வருவான். பக்கத்து வீட்டுப் பையன் வேடிக்கை பார்க்க வருவான். அவர்களுள் எவரும் பேரத்தில் கலந்துகொண்டவர் அல்லர்.

ஆகவே, பழைய கிரைண்டரை வாங்கிச் செப்பனிடுவோர்க்கு விதிகள் பல வேண்டியதில்லை. வாங்கும்போது, அறியாதவரிடம் தாம் அறிந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். செப்பனிடும்போது, மறைப்பதற்காக எதையும் பூசாதிருக்கலாம். கொடுக்கும்போது, மாற்றியது எது, மாற்றாதது எது, அஞ்ச வேண்டியது எது என்று ஒரு தாளில் எழுதிப் பொறியோடு கட்டிவிடலாம். இதனால் சில வெள்ளிகள் குறையும்; சில வேளைகளில் வாங்க வந்தவர் தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். பொறி மீண்டும் பட்டறையின் மூலைக்கே வந்து சேரும். சேரட்டும். குறையைத் தீர்த்த பின்னர் அதை மீண்டும் வெளியே எடுக்கலாம்.