தாய்மாமன் எந்த வீட்டில் மாப்பிள்ளை?

சேரன்மகாதேவியில் கல்யாணத் தரகு பார்க்கிறவன் நான். இந்து, முஸ்லிம், சி.எஸ்.ஐ., ஆர்.சி. என்று எல்லா வீட்டுப் படியும் ஏறியாக வேண்டும். பல இந்து வீடுகளில், பெண்ணுக்குத் தாய்மாமன் இருக்கிறானா, வயசு ஒத்து வருமா என்று முதலில் விசாரிக்காவிட்டால் ஆச்சி முறைப்பாள். அதையே பத்தமடையில் ஒரு முஸ்லிம் வீட்டில் கேட்டால் செருப்பு பறக்கும். குர்ஆனே விலக்கிய உறவு அது. சித்தப்பா மகனுக்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆனாலும் நான் முடித்துவைத்த இடங்களில் அது அபூர்வம். அத்தை மகன், மாமன் மகன்தான்.

சி.எஸ்.ஐ.யில் கலந்த ஆங்கிலிக்கன் சபைக்காக 1563-இல் பேராயர் பார்க்கர் வெளியிட்ட தடைப்பட்டியலிலும் மாமன் கூடாது, அத்தை மகன் கூடும். கத்தோலிக்கச் சட்டத்தில் இரண்டுமே தடை. ஆயர் விலக்குக் கொடுத்தால் முடிக்கலாம். 1955-ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டமும் மாமனைத் தடுத்துவிட்டு, வழக்கம் இருந்தால் சரி என்கிறது.

அப்படியானால் பாவம் எங்கே இருக்கிறது? ரத்தத்தில் என்றால் கணக்கு உதைக்கிறது. மாமனும் மருமகளும் ரத்தத்தில் கால் பங்கு, சித்தப்பா பிள்ளைகள் அரைக்கால். நம் முறை நெருங்கியதை அனுமதித்து, தள்ளியதை அண்ணன் தங்கை என்கிறது. எனக்குப் படுவது இதுதான்: ஒரு பெண் எந்த ஆண்கள் முன்னால் கூச்சமில்லாமல் காலை நீட்டி உட்காரலாம் என்பதற்கு ஒவ்வொரு மதமும் ஒரு கோடு போடுகிறது. நம் கோட்டுக்கு வெளியே தாய்மாமன் நிற்கிறான். தரகனுக்கு இது நல்லதுதான். ஆனால் ஐந்து வயசிலேயே, ‘நீ மாமனுக்குத்தான்’ என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, மாமனாக மட்டும் இருக்கும் ஒரு மாமன் கிடைப்பதில்லையே. இதில் என் ஓட்டு பத்தமடைக்குத்தான்.

உறவுக்கு மட்டுமல்ல, மதத்துக்கும் கோடு உண்டு. அமெரிக்காவில் மார்மன் சபையார் ஆலயத்தில் முடித்த கல்யாணம் சாவுக்குப் பிறகும் நீடிக்கும் என்று நம்புகிறார்கள். 2014-இல் பியூ நிறுவனம் எடுத்த கணக்கில், கல்யாணமான மார்மன்களில் நூற்றுக்கு 82 பேரின் துணையும் அதே சபை. அங்கே மதம்தான் வேலி. இங்கே முதலில் சாதி, அப்புறம் முறை, கடைசியில்தான் மதம். இந்து நாடார் பெண் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவ நாடார் வீட்டுக்குப் போவது இந்தப் பக்கம் புதுசல்ல. முறைக்கும் கணக்கு இருக்கிறது: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சொந்தத்தில் முடித்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 11, தமிழ்நாட்டில் 28.

போன தையில் ஒரு இடம் வந்தது. மாமன் சி.எஸ்.ஐ. சபையில் சேர்ந்தவன், அக்கா வீடு இந்து. கல்யாண ஓலை வாசிக்கச் சபை ஐயர் மறுத்துவிட்டார். “அப்போ குறுக்குத்துறைல வச்சுத் தாலி கட்டுங்க, முருகன் வேண்டாம்பானா?” என்றாள் ஆச்சி. அதுவரை பெண்ணை யாரும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். “மாமா எனக்கு ஸ்கூட்டி ஓட்டப் பழகித் தந்தாங்க. அது போதும்” என்றாள்.

தரகு போயிற்று. ஆச்சி இன்னும் என்னோடு பேசுவதில்லை.