கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!

ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் சொல்வது சக்கரம் வைத்த வீட்டை. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. லீவு விட்டால் போதும், குடும்பத்தோடு கிளம்பி, மாநில அரசு நடத்தும் பூங்காவில் ஏரிக்கரையோரம் நிறுத்திக் குடித்தனம் நடத்துவார்கள். பூங்கா என்றால் ஊஞ்சலும் சிமென்ட் பெஞ்சும் இல்லை... காடு!

இந்த வாழ்க்கையின் முதல் பாடமே அட்ஜஸ்ட் செய்துகொள்வதுதான். பல மாதம் முன்பே பதிவு செய்த இடத்தில் போய்ப் பார்த்தால், நேற்றைய காற்றில் மரம் விழுந்து கிடக்கும். வேறு இடம் தருவார்கள். அங்கே 50 ஆம்ப் மின்சாரம் இருக்காது, 30தான். இரண்டு ஏ.ஸி. ஓடாது. ஒன்றை அணைத்துவிட்டு எல்லோரும் ஒரே பக்கம் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். காற்றோடு யார் சண்டை போடுவது?

நல்ல குணம்தான். ஆனால், எல்லா மாற்றத்துக்கும் இது பொருந்துமா? டெக்சாஸ் மாநிலத்தின் இரண்டு பூங்காக்களைப் பாருங்கள்.

ஒன்று, பாஸ்ட்ராப். 2011 செப்டம்பரில் கடும் வறட்சி, பலத்த காற்று. மின்கம்பி மேல் மரங்கள் சாய்ந்து காடு பற்றிக்கொண்டது. பூங்காவில் 96 சதவிகிதம் தீயில் சிக்கியது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஜனங்கள் அழுதார்கள். அப்புறம் பைன் கன்றுகளை நட ஆரம்பித்தார்கள்.

இன்னொன்று, ஃபேர்ஃபீல்ட் ஏரி. 1976ல் திறந்த பூங்கா 2023ல் மூடப்பட்டது. தீயுமில்லை, வெள்ளமுமில்லை. நிலம் ஒரு மின் நிறுவனத்துடையது. அரசு வாடகையில்லாமல் குத்தகைக்கு வைத்திருந்தது. அங்கிருந்த அனல் மின் நிலையம் 2018ல் மூடப்பட்டது. பிறகு நிறுவனம் இடத்தையே விற்றுவிட்டது. வாங்கியவர்களின் திட்டம்... வசதியானவர்களுக்கு வீடுகள், கோல்ஃப் மைதானம்.

இங்கேயும் 'வேறு ஏரிக்குப் போய்க்கலாம்' என்று நகர்ந்திருக்கலாம். ஜனங்கள் எதிர்த்தார்கள். நிலத்தைச் சட்டப்படி கையகப்படுத்தவும் அரசு முயன்றது. விலை எங்கோ போக, கடைசியில் கைவிட்டது. பூங்கா போனது போனதுதான். ஆனால் அதே 2023 நவம்பரில், புதிய பூங்காக்களுக்கு நிலம் வாங்க 100 கோடி டாலர் நிதிக்கு டெக்சாஸ் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புதல் தந்தார்கள்.

உங்களிடமும் யாராவது அடிக்கடி சொல்வார்கள்... 'சூழ்நிலை அப்படி சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க!' ஆபீஸில், குடியிருப்பில், சில சமயம் வீட்டிலேயே. சரியென்று தலையாட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த மரம் தானாக விழுந்ததா, யாராவது வெட்டினார்களா?

விழுந்தது என்றால் வண்டியை நகர்த்திவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். வெட்டினார்கள் என்றால், அது யாரோ எடுத்த முடிவு. அவர்களுடைய லாபம், உங்கள் பொறுமைக் கணக்கில் பற்று எழுதப்படுகிறது. கேட்டாலும் கடைசியில் நகர வேண்டி வரலாம். இருந்தாலும் கேளுங்கள். நீங்கள் பேசாமல் நகர்ந்தால், அடுத்த மரத்துக்குக் கோடாரியை எடுக்கும்போது அவர்களுக்கு யோசிக்கவே தோன்றாது!