ஏமாந்தவன் பாவியாயின்

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வீட்டுப் பேச்சில் குடியேறிவிட்ட சொற்களுள் 'சீட்டிங்' என்பதும் ஒன்று. தேர்வில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதுவதும் சீட்டிங்தான். ஏலச்சீட்டுப் பணத்தோடு ஊரை விட்டு ஓடுவதும் சீட்டிங்தான். அதன் உடன்பிறப்புப் போல் வழங்கும் 'ஃபோர் ட்வென்ட்டி', 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவால் வந்த பட்டப்பெயர். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு நிற்கிறது. எண் மாறிற்று, குற்றம் மாறவில்லை.

இச்சொல்லின் பிறப்பு சிந்தனைக்குரியது. வாரிசில்லாமல் இறந்தவரின் நிலம் மேலாதிக்கம் உடைய பிரபுவுக்கோ அரசனுக்கோ திரும்பிச் சேர்வதை இங்கிலாந்தின் பழைய சட்டம் 'எஸ்சீட்' என்றது. அதைக் கவனிக்க அமர்த்தப்பட்ட அதிகாரிகள் பொய்க் காரணம் காட்டிப் பிறர் நிலத்தைப் பறித்தனர். மக்களின் கசப்பு அச்சொல்லின் தலையை வெட்டி 'சீட்' என்றாக்கி, வஞ்சனைக்குப் பெயராக்கியது. நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்துகொண்டு நம்பியவனைக் கெடுப்பதே அச்சொல்லின் வேர்.

மோசடிக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் இரண்டு செய்திகள் நம் கவனத்திற்குரியவை. பொய் பேசினால்தான் வஞ்சனை என்பதில்லை. உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் வஞ்சனையே. பொருள் இழப்பு மட்டுமன்று. வஞ்சனையால் ஒருவரின் உடலுக்கோ மனத்திற்கோ பெயருக்கோ நேரும் தீங்கும் அதில் அடங்கும்.

ஆனால் நம் பேச்சு வழக்கு வேறு வகையானது. ஏமாற்றியவனை ஏசுவதோடு நாம் நிற்பதில்லை. ஏமாந்தவனுக்கும் 'ஏமாளி' என்று பட்டம் சூட்டுகிறோம். ஏமாந்தவன் பாவியும் ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். பழி முழுவதும் அவன் தலையில்தான்.

2024 ஜூன் 18ஆம் நாள் கள்ளக்குறிச்சி நகரத்தின் கருணாபுரத்தில் பொட்டலச் சாராயம் வாங்கிக் குடித்தவர்கள் மறுநாள் முதல் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் இறந்தோரையும் சேர்த்து 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். அவர்கள் குடித்ததில் கலந்திருந்தது மெத்தனால். மணத்தாலும் சுவையாலும் அதனைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் கண்ணொளியைப் பறிக்கும், பின்பு உயிரைப் பறிக்கும். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

இறந்தோர் குடும்பத்திற்கு அரசு 10 இலட்சம் ரூபாய் அறிவித்தபோது, "குடித்தான், செத்தான், இதற்கு உதவித்தொகையா?" என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. நம் இல்லங்களிலும் அது கேட்காமல் இல்லை. மது நமக்கு ஹராம். குடியால் சிதைந்த குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இந்தச் சினம் எழுவது இயல்பே. உதவித்தொகை தகுமா என்பது அரசியலாரும் நீதிமன்றமும் ஆராயட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பாவம் செய்யப் போனவனுக்கு வஞ்சனை இழைக்கப்பட்டால், அது வஞ்சனை ஆகாதா?

கருணாபுரத்துக் கூலியாள் காசு கொடுத்துக் கேட்டது சாராயம். அவன் கையில் வைக்கப்பட்டது நஞ்சு. ஒன்றுக்கு இசைந்தவன் மற்றொன்றுக்கும் இசைந்தவன் ஆகமாட்டான். சூதாடப் புறப்பட்டவனை வழிமறித்துக் கொன்றவன், "சூதாடத்தானே போனான்" என்று சொல்லித் தப்ப முடியுமா? அவ்வாதத்தை எந்த நீதியும் ஏற்காது.

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய பெருமானார் (ஸல்) அவர்கள், வஞ்சிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள். அவ்வணிகர் பொய் ஒன்றும் பேசியிருக்கவில்லை, மறைத்தார், அவ்வளவே. அதை வாங்க வருபவர் நல்லவரா தீயவரா என்ற வினாவும் அங்கே எழவில்லை.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்ட இரவை எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சூழ்ந்து நின்றவர்கள் உயிரைக் குறிவைத்த பகைவர்கள். அந்நிலையிலும், மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள் பெருமானார் (ஸல்). பொருளுக்குரியவர் ஈமான் கொண்டவரா என்று அமானிதம் கேட்பதில்லை.

இவ்வாறு சொல்வதால் குடியின் குற்றம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குடித்தவன் கணக்கு ஓர் ஏட்டில். நஞ்சை விற்றவன் கணக்கு மற்றோர் ஏட்டில். முன்னதைக் காட்டிப் பின்னதை அழிக்க முற்படுவதே தவறு.

இந்நிகழ்ச்சியில் பழி சுமந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. கள்ளச்சாராயம் என்றதும் பலரும் கல்வராயன் மலையை நோக்கி விரல் நீட்டினர். அம்மலையில் ஊறல் போடுவதும் காவல்துறையினர் அதனை அழிப்பதும் நெடுநாளாக நடப்பவை, மறுப்பதற்கில்லை. ஆனால் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டுக் காய்ச்சும் பானையிலிருந்து கருணாபுரத்து நஞ்சு வரவில்லை. மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. சிலர் செய்த குற்றத்திற்காக அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் அனைவரையும் ஒரே பெயரால் சுட்டுவது, பெயருக்குத் தீங்கு செய்வதாகும்.

அம்மலையின் உழவர் மரவள்ளி பயிரிட்டுக் கீழே கொண்டுவருகிறார். கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச்சத்தின் 'பாயிண்ட்' கணக்கில் அமைகிறது. அளப்பவர் ஆலைக்காரர், உழவர் அவர் சொல்லை நம்பித்தான் பணம் பெற வேண்டும். ஒருவர் காண, மற்றவர் காண இயலாத இடம் எல்லா வணிகத்திலும் உண்டு. மருந்துப் புட்டியிலும், தங்கத்தின் மாற்றிலும், எண்ணெய்ச் செக்கிலும் அது உண்டு. அளவில் மோசம் செய்வோருக்குத் திருமறை ஒரு தனி அத்தியாயத்தையே அருளி எச்சரிப்பதும் இதனாலன்றோ!

வணிகத்தை வாழ்வாகக் கொண்ட சமுதாயம் நம்முடையது. நம் கடைப்படியேறி வருகிறவர் தொழுகையாளியாகவும் இருக்கலாம். குடித்துத் தள்ளாடி வருகிறவராகவும் இருக்கலாம். பின்னவருக்கு ஒரு பிடி குறைத்து அளந்துவிட்டு, "அவன் குடிகாரன்தானே" என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை. அவருடைய பாவத்திற்கு அவர் இறைவனிடம் பதில் சொல்வார். அந்த ஒரு பிடி அரிசிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.