புற்றுநோயாளரும் நம் நாவும்

சைவாசிரியர்களே,

பிணியுற்றாரைச் சென்று காணுதல் நம்மவர்க்குள் நெடுங்கால வழக்கம். ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேட்டவுடன், பாடசாலை விட்டபின் இருவர் மூவராய்க் கூடித் தோடம்பழமும் கோயில் விபூதியுங் கொண்டு செல்வோம். கையிற் கொண்டு செல்வன யாவை என்று யோசிக்கும் நாம், நாவிற் கொண்டு செல்வன யாவை என்று யோசிக்கின்றோமா? இதுவே ஈண்டு விசாரிக்கத்தக்கது.

எம்முடைய பிழையொன்றை முதற்கண் ஒப்புக்கொள்ளுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு கற்பித்த ஆசிரியை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சை முடிந்து, இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை மருந்தேற்றப்பெற்ற காலத்தில் யாம் அவரைக் காணச் சென்றோம். "எல்லாம் பிராரத்துவ வினை, அநுபவித்தே தீரவேண்டும், தைரியத்தை விடாதிருங்கள்" என்று, வகுப்பிற் பாடஞ் சொல்லுங் குரலிலேயே சொன்னோம். அவர் மறுமொழி சொல்லாது, மயிருதிர்ந்த தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தாம் செய்த பாவம் யாதென்று தேடி அன்றிரவு முழுதும் அவர் உறங்கவில்லை என்பதைப் பின்பு அவர் கணவர் சொல்ல அறிந்தோம்.

யாம் சொல்லியது சித்தாந்தத்துக்கு மாறானதன்று. ஆயினும் சொல்லிய இடம் பிழை. வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே ஆராய்ந்து திருந்துதற்கு அருளப்பட்டது. பிறனொருவனுக்குத் தீர்ப்புக் கூறுதற்கன்று. எந்த வினை எந்த உடம்பில் எவ்வாறு பலித்தது என்பதைச் சிவபெருமானன்றி அறிவார் யாவர்? நோயாளியின் பிராரத்துவத்தை யாம் அறிந்தோமல்லோம். புண்பட்ட உள்ளத்தைப் பின்னும் புண்படுத்தி எமக்கு ஆகாமியத்தையே ஈட்டிக்கொண்டோம்.

யாம் இளமையிற் கிறிஸ்தவர் பாடசாலையிற் கற்றவராதலின் யோபுவின் சரித்திரத்தை அறிவோம். அவன் நோயுற்றபோது நண்பர் மூவர் வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாது அவனோடு தரையில் இருந்தனர். வாய் திறந்தபின் அவனைப் பாவியென்றனர்; முடிவில் இறைவனாற் கடியப்பட்டனர். மௌனமாயிருந்த அளவில் அவர்கள் நண்பர்களே.

நம் பெரியபுராணத்தைப் பாருங்கள். புறச்சமயம் புகுந்திருந்த தம்பியார் சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்கு வந்து அடிவீழ்ந்தபொழுது, திலகவதியார் பழையதைச் சொல்லிப் பழித்தாரல்லர். திருநீறளித்து, விடியுமுன்னே உடன்கொண்டு திருக்கோயிலுட் புகுந்தார். நாவுக்கரசர் பாடிய முதற்பதிகமோ வலி பொறுக்கலாற்றாத முறையீடு. ஆதலால், நோயிற் கதறுதல் பக்திக்குறைவு என்பார் திருமுறையை அறியாதார்.

இனி, "தைரியமாயிரு" என்னுஞ் சொல்லும் ஆராயத்தக்கது. அழுதால் நோய் பெருகிவிடும் என்று அஞ்சி அழுகையை அடக்குவோர் பலர். அமெரிக்காவிலே தலை, கழுத்துப் புற்றுநோயாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவில், அவர்தம் மனநிலைக்கும் உயிர்வாழ்ந்த காலத்துக்குஞ் சம்பந்தங் காணப்படவில்லை. மனத்துயரைத் தணித்தல் வேண்டும். அஃது அத்துயர் தானே கொடிதாகலின். துயருற்றமையாலேயே நோய் முற்றியது என்னும் பழியை நோயாளிமேற் சுமத்துதல் தகாது.

அன்றியும், துயர் முழுவதும் மனத்திலே பிறப்பதன்று. மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஸ்டீரொயிட் மருந்துகள் உறக்கத்தைக் கெடுத்து மனநிலையை மாற்றுதலுண்டு. இரத்தக்குறைவு சோர்வைத் தரும். முன்பு மருந்தேற்றிய நாளில் வாந்தியெடுத்தவருக்கு, வைத்தியசாலையின் வாசனை பட்டவுடனே குமட்டுவதும் உண்டு. இவற்றை வைத்தியரிடஞ் சொன்னாற் பரிகாரஞ் செய்வர். சொல்லாதிருப்பின் நோயாளி தம்மைக் கோழையென்று தாமே இகழ்ந்துகொள்வார்.

நம்மவர்க்கு மற்றுமொரு துயருண்டு. கந்தசட்டி ஆறுநாளும் உபவாசமிருந்தவர், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளுந் தவறாது சென்றவர், சிகிச்சைக்காலத்தில் அவை இயலாதபோது தாம் தெய்வகுற்றஞ் செய்வதாக ஏங்குவர். உடம்பு தேறுதற்கு உணவு வேண்டிய காலம் அது. இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும் நாட்களிற் சனக்கூட்டம் அபாயகரமானது. வீட்டிலிருந்து ஒருமுறை திருவைந்தெழுத்தை நினைத்தலும் வழிபாடே என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.

வைத்தியசாலைகள் சிலவற்றில், மனச்சஞ்சலத்தை 0 முதல் 10 வரையுள்ள எண்களில் ஒன்றாற் குறிக்கும்படி நோயாளியையே கேட்பர். 4 அல்லது அதற்கு மேலாயின் மேலும் விசாரித்து ஆவன செய்வர். நாமும் "இன்று மனம் எவ்வாறிருக்கிறது?" என்று கேட்டு, விடை வருமளவுங் காத்திருத்தல் வேண்டும். உயிர்வாழ்தலில் வெறுப்புண்டென்று அவர் சொல்வாராயின், அதனை அன்றே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். மருந்தேற்றும் நாளிற் கூடச் செல்லுதல், வைத்தியரைக் கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தல், பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்தல் என்பன நம்மால் இயல்வன. தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைத்தற்பொருட்டு, 2011இல் தெய்வேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரையும் நடந்து பொருள் திரட்டினர். இத்தீவின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு நடந்தார் உண்டெனின், அயல்வீட்டு நோயாளியோடு வைத்தியசாலை வரை செல்லுதல் நமக்கு அரிதாமா?

யாம் அவ்வாசிரியையிடம் மீண்டுஞ் சென்று, முன்பு சொல்லியதற்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் வினையைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. தம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்பொழுது கணக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளையைப்பற்றியுஞ் சொன்னோம். கேட்டுக்கொண்டே, ஆறிப்போயிருந்த கஞ்சியைச் சூடாக்கித் தரும்படி சொல்லிக் குடித்தார்.

வினையை அளத்தல் சிவபெருமானுக்குரியது. துணையாய் உடனிருத்தல் நமக்குரியது.

திருச்சிற்றம்பலம்.