அவன் யார்?

வாக்கியத்தில் நேரும் பிழைக்கும் வாழ்க்கையில் நேரும் பிழைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று இருபது வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இலக்கணம் என்பது பரீட்சைக்குப் பயந்தவர்களின் சமாசாரம் என்று நான் நினைத்திருந்த காலம் அது. இப்போது அப்படிச் சிரிக்க முடிவதில்லை.

சென்ற மாதம் செங்கற்பட்டில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் பாங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பிழையுள்ள வாக்கியத்தைக் கொடுத்து, பிழை எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்வது அந்தப் பரீட்சையில் ஒரு பகுதி. புத்தகத்தை என் முன் நீட்டி, "மாமா, இதிலே என்ன தப்புன்னு சொல்லுங்க, பார்க்கலாம்" என்றாள். ஆங்கில வாக்கியம். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: "கடற்கரையில் நடந்துகொண்டே, கோயில் அழகாகத் தெரிந்தது."

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

"நடந்தது யாரு மாமா? இதன்படி பார்த்தா கோயில்தான் நடந்திருக்கு!" என்று சிரித்தாள். அடுத்த வாக்கியம் இது: "ராமன் கோபாலனைப் பார்த்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான்." அழுதது ராமனா, கோபாலனா? சொல்ல வழியில்லை. ஆகையால் பிழை.

ஆங்கிலேயன் கண்டுபிடித்த நுணுக்கம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். 'செய்து' என்கிற மாதிரியான வினையெச்சம், அதே ஆள் செய்த வேலையைக்கொண்டுதான் முடியவேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. "கால் வழுக்கி விழுந்தான்" என்றால் மன்னிக்கிறது. வழுக்கியது காலானாலும், கால் அவனுடையதுதானே! "மழை பெய்து கொளவாய் ஏரி நிறைந்தது" என்று இந்த ஊரார் சொன்னால் அதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம். மழை பெய்ததால்தான் ஏரி நிறைந்தது என்பது யாருக்கும் விளங்கும். ஆனால் நடந்தவனை விட்டுவிட்டுக் கோயிலை நடக்க வைக்க நம் முன்னோர்களும் சம்மதிக்கவில்லை.

"ஆனா, மாமா, ஜிமேட்னு ஒரு பெரிய பரீட்சை இருக்கு, நிர்வாகப் படிப்புக்கு. 2023-லே அதைப் புதுசா மாத்தினப்போ இந்தப் பகுதியையே எடுத்துட்டாங்க. எங்களுக்குத்தான் விடிவு இல்லை" என்றாள்.

பரீட்சையிலிருந்து எடுத்துவிடலாம். மற்ற இடங்களிலிருந்து அதை எடுப்பதற்கு யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. வெளியே வரிசையாகக் கடைகள். அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம் என் மனசில் ஒரு முள் குத்தும். அன்று அதை அவளிடம் சொன்னேன்.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திவிட்டு, செங்கற்பட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி சென்னையில் இருந்தார். அன்றாடக் கணக்கோடு ஒரு கடிதமும் எழுதி அனுப்புவது என் வேலை. மாமல்லபுரத்து ஹோட்டல்களுக்கு அரிசி ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு முறை வண்டி போகும். கூடவே மண்டி மேஸ்திரி போவார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர். மண்டியில் எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'. மூட்டை இறக்க ஒரு பையனும் போவான். கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவன். பதினேழு வயது இருக்கும்.

ஒரு வாரம் இரண்டு மூட்டை குறைந்தது. நான் விசாரித்தேன். திருக்கழுக்குன்றத்தில் மேஸ்திரி இறக்கி விற்றிருக்கிறார். வாங்கின கடைக்காரரே என்னிடம் ஒப்புக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்றிரவே எழுதினேன்: "வண்டியோடு போனது மேஸ்திரியும் பையனும்தான். வழியில் இரண்டு மூட்டையை அவன் இறக்கி விற்றுவிட்டான். விசாரித்துத் தெரிந்துகொண்டேன்." எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பையன் இல்லை. மேஸ்திரி எப்போதும்போல் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

சென்னைக்கு ஓடினேன். முதலாளி கடிதத்தை எடுத்துப் போட்டார். "நீ எழுதினதுதானே இது? மேஸ்திரியைச் சொல்றதா இருந்தா 'அவர்'னு எழுதியிருக்க மாட்டியா? 'அவன்'னு எழுதியிருக்கே!"

நான் என்ன பதில் சொல்வேன்? திருடனுக்கு என்ன 'ர்' வேண்டிக் கிடக்கிறது என்று எண்ணித்தான் அந்த ஓர் எழுத்தைப் பறித்தேன். கோபத்தினாலோ இழிவு தோன்றவோ பால் மாற்றிச் சொன்னால் அது குற்றமில்லை என்று நன்னூலில் பவணந்தி முனிவர் இடம் கொடுத்திருக்கிறார். அதற்கு வழுவமைதி என்று பெயர். ஆகவே இலக்கணப்படி நான் நிரபராதி. ஆனால் என் கோபம் என் நெஞ்சில் இருந்தது, காகிதத்தில் இல்லை. காகிதத்தில் இருந்தது 'அவன்' ஒன்றுதான். மரியாதை என்பது நடத்தைக்குக் கிடைக்கும் கூலி என்று நான் நினைத்தேன். வயசுக்கும் இடத்துக்கும் உரிய பாத்தியதை அது என்று உலகம் நினைக்கிறது. இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவே ஒரு பையன் அகப்பட்டுக்கொண்டான்.

முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "சரி, பார்க்கலாம்" என்றார். பார்க்கவில்லை. நானே குப்பத்துக்குப் போனேன். அவன் மணலில் உட்கார்ந்து யாருடைய வலையையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் சொல்லி, நான் மேஸ்திரியைத்தான் குறித்தேன் என்று விளக்கினேன். தலை நிமிராமல் கேட்டான். பிறகு, "பரவாயில்லை சார். அங்கே அவன்னா நான்தானே" என்றான்.

எந்த இலக்கண ஆசிரியரும் எனக்கு அப்படிப் பாடம் சொன்னதில்லை. நடந்தவன் பெயர் இல்லாதபோது, நடந்த காரியம் பக்கத்தில் நிற்கும் கோயில்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? பழியும் அப்படித்தான். உரியவன் பெயரைச் சொல்லாமல் விட்டால் அது அந்தரத்தில் நிற்பதில்லை. கைக்கு எட்டுகிறவன்மேல் உட்கார்ந்துவிடுகிறது. கைக்கு எட்டுகிறவன் எப்போதும் எளியவனாகவே இருக்கிறான்.

என் தங்கை மகள் பஸ் இறங்கும்வரை பேசவில்லை.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் போய் நின்றோம். ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில் செதுக்கியது. ஒற்றைக் காலில், கைகளைத் தூக்கி, விலா எலும்பு தெரியத் தவம் செய்கிறார் ஒருவர். யார் அவர்? பாசுபதம் வேண்டி நிற்கும் அர்ச்சுனன் என்கிறார்கள் சிலர். கங்கையைக் கொண்டுவர நிற்கும் பகீரதன் என்கிறார்கள் சிலர். சிற்பி பெயர் எழுதவில்லை. தர்மராஜ ரதத்திலும் கணேச ரதத்திலும் 'அத்யந்தகாமன்' என்று ஒரு ராஜாவின் பட்டம் வெட்டியிருக்கிறது. அது எந்தப் பல்லவனைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை.

"அப்போ, இவங்க செய்ததும் பிழைதானா மாமா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். தவத்தின் பெருமை அர்ச்சுனனுக்குப் போனாலும் பகீரதனுக்குப் போனாலும் இன்னொருவன் சோறு போகாது. இரண்டு கதையையும் மனசில் வைத்துக்கொண்டு பார்க்கிறவனுக்குச் சந்தோஷம் இரட்டிப்புத்தான். புகழ் விலாசம் தவறிப் போகலாம். பழி போகக் கூடாது.

அவள் பாறையின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு பூனையும் அதே மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. காலடியில் எலிகள் நம்பிக்கையோடு கூடியிருக்கின்றன. "இதைச் செதுக்கினவர் யாரு எவர்ங்கிறதிலே சந்தேகமே வைக்கலை, மாமா!" என்றாள். உண்மைதான். எலியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், பூனையைப் பூனையாகவே செதுக்கிவிட்டான் அந்த மகானுபாவன்.

என் கதைகளைப் படித்துப் பார்க்கும் பத்திரிகை நண்பர் ஒருவருக்கு என்மேல் ஒரு குறை உண்டு. பக்கத்துக்குப் பக்கம் பாத்திரங்களின் பெயரையே திரும்பத் திரும்ப எழுதுகிறேனாம். "ஓர் 'அவன்' போட்டால் போதாதா?" என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று; தெரியும். 'மயங்க வைத்தல்' என்று அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டில் ஒன்றைச் செய்துதான் ஆகவேண்டும் என்றால், முதல் குற்றத்தைச் செய்துவிட்டுப் போகிறேன். அதனால் யாருக்கும் வேலை போகாது.